கடல் கடந்து கோயில் எடுத்த நாராயண பிள்ளை

கோயில் எடுத்தவர் வரலாறு என்ற அளவிலே நம் நெஞ்சம் முடியுடை மன்னர்பாற் செல்வது இயல்பு. தஞ்சையிலும் கங்கைகொண்ட சோழபுரத்திலும் விண்ணளாவ நிற்கும் விமானங்கள் அவற்றை எடுத்த பேரரசரின் புகழைக் கல்லாகவே நின்று பேசுகின்றன. மற்றொரு பக்கம் திருநின்றவூர்ப் பூசலார் நாயனார். பொருள் கிடைக்காமையால் நெஞ்சத்தின் உள்ளேயே அடித்தளம் முதல் கலசம் வரை கட்டி முடித்தார். காடவர்கோன் எடுத்த கற்றளியின் குடமுழுக்கு நாளைத் தள்ளி வைக்கச் செய்து, அடியார் நெஞ்சக் கோயிலுக்கு இறைவன் முதலில் எழுந்தருளினான் என்பது பெரிய புராணம் காட்டும் வரலாறு. அரசர்க்கும் பூசலார்க்கும் இடையில் வேறொரு கூட்டத்தார் உளர். பிழைப்புத் தேடி அயல்நாடு போய், அங்குக் கையூன்றி எழுந்து, எழுந்த கையோடு தெய்வத்துக்கு ஓர் இடங்கண்ட குடிமக்கள் அவர்கள். அவருள் ஒருவர் சிங்கப்பூர் நாராயண பிள்ளையவர்கள்.

இச்சிறுமலை அடிவாரத்தில் நிகழும் குடமுழுக்கு மலரில் சிங்கப்பூர்ச் செய்தி எதற்கு என்று அன்பர் சிலர் வினவக் கூடும். நம் திண்டுக்கற் சீமையிலிருந்து இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போன குடும்பங்கள் பல. போனவர் அனுப்பிய பணத்தால் வீடு கட்டியவரும் உண்டு. கோயில் திருப்பணிக்குக் கல் எடுத்துக் கொடுத்தவரும் உண்டு. இன்னொன்றும் சொல்லலாம். நம் ஊரே வந்தவரை வாழவைத்த ஊர்தான். நாகல்நகரிலே தறி போட்ட சௌராட்டிரர் வேற்றுமொழி பேசி வேற்று நாட்டிலிருந்து வந்து, நெசவால் நிமிர்ந்து, தமக்கெனக் கோயிலும் கண்டவர்கள் அல்லரோ? ஆகவே வந்தேறியவன் எப்படி ஊரானாகிறான் என்பது நமக்குப் புதிய பாடம் அன்று.

பினாங்குத் தீவில் ஆங்கிலக் கம்பெனியார் 1786-இல் கொடி நாட்டினர். சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய தமிழர் அங்கே வணிகராகவும் கணக்கராகவும் படகுக்காரராகவும் தொழிலாளராகவும் குடியேறினர். அவருள் ஒருவராக இருந்தவர் நாராயண பிள்ளை. அரசாங்க அலுவலோடு தொடர்புடையவர். எழுத்தும் கணக்கும் அறிந்தவர். ஸ்டாம்போர்டு ராப்பிள்ஸ் துரை 1819 பிப்ரவரி 6-ஆம் நாள் உடன்படிக்கை எழுதிச் சிங்கப்பூரைத் துறைமுகமாக்கினார். அவ்வாண்டு மே மாதம் இரண்டாம் முறையாக அவர் அத்தீவுக்குச் சென்றபோது, இந்தியானா என்னும் கப்பலில் உடன் சென்றவர் பிள்ளையவர்கள். பினாங்கில் நிலைத்த வாழ்வை விட்டு, காடும் சேறுமாகக் கிடந்த ஒரு தீவுக்குப் போவது எளிய துணிவு அன்று. அங்கே வீடில்லை, கடைத்தெரு இல்லை, கற்பூரம் ஏற்ற ஒரு கோயில் இல்லை.

முதலிலே கருவூலத்தில் நாணயம் நோட்டம் பார்க்கும் வேலையில் அவர் அமர்ந்தார் என்று சொல்லப்படுகின்றது. பல நாட்டுக் கப்பல்கள் வந்து போகும் துறையில் பல நாட்டு வெள்ளிகளும் வந்து விழும். நல்லதையும் கலப்பையும் கண்ணாலும் ஒலியாலும் பிரித்தறிவது நோட்டக்காரர் தொழில். நம் தமிழில் காசுக்கும் நாணயம் என்று பெயர். சொன்ன சொல் தவறாமைக்கும் நாணயம் என்றே பெயர். இப்பெயரொற்றுமையைப் பிள்ளையவர்கள் வாழ்வு பின்னர் நன்கு விளக்கப் போகின்றது.

சம்பள வேலை ஒரு மனிதனுக்குச் சோறு போடும். ஊரில் ஓரிடம் தேடித் தராது. இதனை அவர் விரைவில் உணர்ந்தார் போலும். தீவிலே நாள்தோறும் புதுமனைகள் எழுந்துகொண்டிருந்தன. கிடங்கு வேண்டும், அலுவலகம் வேண்டும், வீடு வேண்டும். மரமும் கீற்றும் காட்டிற் கிடைத்தன; செங்கல் கிடைக்கவில்லை. எல்லாரும் இல்லை இல்லை என்று குறைகூறிக் கொண்டிருந்த பொருளைச் செய்து கொடுப்போம் என்று துணிந்தவர் பிள்ளையவர்கள். தஞ்சோங் பகார்ப் பக்கம், வாலிச் குன்றின் அடியில், செங்கற்சூளை ஒன்று தொடங்கினார். கல்லறுப்பவர், கொத்தர், தச்சர், துணி வணிகர் ஆகியோரை வருமாறு பினாங்கிலுள்ள தம்மவர்க்குச் சொல்லியனுப்பினார். சிங்கப்பூரில் கட்டடப் பணியை ஒப்பந்தமாக ஏற்று நடத்திய முதல் இந்தியர் அவரே என்று வரலாற்றாசிரியர் குறிப்பர்.

இங்கே சற்று நிற்க வேண்டும். அயல்நாடு போனவன் ஒருவன் தான் மட்டும் உயர்வதும் உண்டு. தன்னோடு நால்வரைத் தூக்குவதும் உண்டு. சூளை என்பது தனியொருவன் தொழில் அன்று. மண் வெட்ட ஒருவர், பிசைய ஒருவர், அச்சில் வார்க்க ஒருவர், உலர்த்த, அடுக்க, விறகிட, நெருப்புக் காக்க என்று பல கைகள் கூடினால்தான் ஒரு சூளை வேகும். ஆகவே அவர் சூளை வைத்த அன்றே பலருக்கு அங்கே பிழைப்பு வைத்தவரானார். 1824-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி தீவில் இருந்தோர் 10,683 பேர். அவருள் இந்தியர் 756 பேர் மட்டுமே. இச்சிறு தொகையினருக்குள் பலர் சிப்பாய்களும் அவர்களைச் சார்ந்தோரும் ஆவர். மற்றையோர் வேலைக்கும் வழக்குக்கும் துன்பத்துக்கும் நாடிச் செல்லத்தக்க ஓர் ஆள் நாராயண பிள்ளையாக இருந்தார்.

சூளைப் பொருளைக் கொண்டு துணி வணிகத்தில் இறங்கினார். கிராஸ் தெருவில் அவர் வைத்த பருத்தித்துணிக் கடை அக்காலத்தில் அவ்வூரிலேயே பெரியது என்பர். பழையாறையில் பொன்னும் மணியும் துகிலும் விற்று, அடியார்க்குக் கோவணம் ஈந்த அமர்நீதி நாயனாரை இவ்விடத்தில் நினையாமலிருக்க இயலவில்லை. நிற்க. அந்நாளைய வணிக முறை இது: கப்பலில் வரும் சரக்கை ஐரோப்பிய வணிகர் கடனுக்குக் கொடுப்பர், கடைக்காரர் விற்று முதலைத் திருப்புவர். கையில் முதலில்லாதவன் பெருங்கடை வைப்பதற்கு அதுவே வழி. ஏறுவதற்கு அதுவே படி. வழுக்கினால் வீழ்வதற்கும் அதுவே படி.

1822-இல் தீவிபத்து நேர்ந்தது. கிராஸ் தெருக் கடை எரிந்தது. துணி என்பது தீக்கு இரையாக நேரம் கொள்ளாத பொருள். சரக்குப் போயிற்று, சரக்குக்குரிய கடன் மட்டும் ஒரு காசும் குறையாமல் நின்றது. மூன்றாண்டு உழைப்பு ஒரு நாளிற் சாம்பராயிற்று. இந்நிலையில் ஒருவனுக்கு இரண்டு வழிகள் திறந்திருக்கும். துறைமுகத்தில் கப்பலுக்குக் குறைவில்லை. இரவோடிரவாக ஏறிப் பினாங்கிற்கோ சோழமண்டலக் கரைக்கோ போய்விட்டால் கடன் கொடுத்தவர் கைகளைப் பிசைவதன்றி வேறு செய்தற்கில்லை. அவ்வாறு ஓடியவர் எந்நாட்டிலும் உண்டு. மற்றொரு வழி, நின்று கடனைத் தலைமேற் கொள்வது. பிள்ளையவர்கள் நின்றார். ஓடியிருந்தால் அவர் பெயர் மட்டுமா கெட்டிருக்கும்? அவரை நம்பி வந்த கொத்தரும் தச்சரும் துணி வணிகரும் ஆகிய தமிழர் எவருக்கும் அடுத்த பத்தாண்டுக்கு அத்துறையில் ஒரு முழத் துணி கடனாகக் கிடைத்திராது. ஒரு சிறு கூட்டம் புதிய நாட்டில் வேர்கொள்ளும் காலத்தில், ஒருவன் நாணயம் ஊரார் நாணயமாக எண்ணப்படும் என்பதை வெளிநாட்டில் வாழ்ந்த அன்பர்கள் நன்கறிவர்.

அவ்வாண்டு அக்டோபரில் ராப்பிள்ஸ் துரை மூன்றாம் முறையாகச் சிங்கப்பூருக்குத் திரும்பினார். பிள்ளையவர்கள் தம் நிலையை எடுத்துரைத்து உதவி வேண்டினார். கமர்ஷியல் ஸ்கொயர் என்னும் வணிகச் சதுக்கத்தில், பின்னர் 1858 முதல் ராப்பிள்ஸ் பிளேஸ் என்று பெயர் பெற்ற அவ்விடத்திலேயே, அவருக்கு நிலம் கிடைத்தது. அங்கே கிடங்கு எழுப்பி வணிகத்தைப் புதுப்பித்தார், கடன்களைத் தீர்த்தார், இழந்த செல்வத்தையும் மீட்டார்.

இவ்விடத்தில் ஒன்று சொல்லுதல் வேண்டும். அதிகாரத்தில் இருந்தவர் கண்ணோட்டம் பிள்ளையவர்களுக்கு வாய்த்தது. அவரைப் போலவே உழைத்து, அத்தகைய கண்ணோட்டம் வாய்க்காமல் மண்ணோடு மண்ணானவர் பல்லாயிரவர். பிற்காலத்தில் ஒப்பந்தக் கூலிகளாகவும் கங்காணிகளின் கீழும் மலேயாத் தோட்டங்களுக்குப் போனவர் கதை வேறு. ஒப்பந்தக் கூலி முறை மலேயாவில் 1910-இல் தடுக்கப்பட்டது. 1938-இல் இந்திய அரசாங்கம் கூலியாட்கள் அங்கே செல்வதையே நிறுத்திற்று. அவர்கள் கப்பலேறும் போதே கடனோடு ஏறினர். வாங்கும் கூலி கடனுக்கே சரியாயிற்று. ரப்பர்ப் பால் எடுத்தவனுக்குக் கடை வைக்க நிலம் தர எவர் வந்தார்? ஆகவே உழைத்தவர் எல்லாரும் உயர்ந்தனர் என்று இம்மலரில் எழுத என் மனம் ஒப்பவில்லை. முன்னே போனவன், எழுத்தறிந்தவன், ஆளும் வகுப்பாரை அணுகத் தெரிந்தவன் ஏறினான். பின்னே கூட்டமாகக் கொண்டு செல்லப்பட்டவனுக்கு ஏணியே இருக்கவில்லை. பிள்ளையவர்களின் பெருமை, தாம் ஏறிய பின் ஏணி இல்லாதவர்க்கு ஒரு நிழலை உண்டாக்கியமையில் உள்ளது. அந்நிழலே ஸ்ரீ மாரியம்மன் கோயில்.

கோயிலுக்கு இடம் கிடைத்த வரலாறு தனியே சொல்லத்தக்கது. முதலில் தெலுக் ஆயர் தெருவில் ஓரிடம் குறிக்கப்பட்டது. மலாய்மொழியில் ஆயர் என்றால் நீர். பெயரில் நீர் இருந்தது. திருமஞ்சனத்துக்கும் பூசைக்கும் உரிய நன்னீர் அவ்விடத்தில் இல்லை. நீரின்றிக் கோயிலும் இல்லை, அம்மனும் குளிரமாட்டாள் என்று பிள்ளையவர்கள் வேறிடம் கேட்டார். அதிகாரியாயிருந்த வில்லியம் பார்க்குவர் 1821-இல் ஸ்டாம்போர்டு கால்வாயை அடுத்து ஓரிடம் தந்தார். அடுத்த ஆண்டிலே ஊரமைப்புத் திட்டம் ஒன்று வகுக்கப்பட்டது. சீனர்க்கு இப்பகுதி, மலாய் மக்களுக்கு அப்பகுதி, சூலியர் எனப்பட்ட சோழமண்டலக் கரையார்க்கு ஆற்றின் மேற்பக்கம் என்று ஊரைக் கூறுபோட்ட திட்டம் அது. அதன்படி அவ்விடமும் கோயிலுக்கு ஆகாது என்றாயிற்று. பின்னர் 1823-இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் ஓரிடம் கொடுக்கப்பட்டது. கடை எரிந்ததும், கடன் நெருக்கியதும், இடம் மாறியதும் எல்லாம் இவ்விரண்டு மூன்று ஆண்டுகளுக்குள்ளேயே நிகழ்ந்தன என்பதை அன்பர்கள் மனத்திற் கொள்க. தம் கடை கரியாய்க் கிடந்த காலத்திலும் அம்மனுக்கு இடம் தேடுவதை அவர் விட்டிலர்.

1827-இல் கோயில் எழுந்தது. எப்படிப்பட்ட கோயில்? மரத்தூணும் அத்தாப்புக் கீற்றும் கொண்ட ஒரு குடில்! ஊருக்கெல்லாம் செங்கல் அறுத்துக் கொடுத்தவர் அம்மனுக்குக் கீற்றுக் கொட்டகை அமைத்தார் என்றால் முதலில் வியப்பாகவே இருக்கும். கற்றளிகளைக் கண்டு பழகிய நமக்கு மரமும் மண்ணும் செங்கல்லும் இழிவாகத் தோன்றலாம். ஆயின் நம் நாட்டுக் கோயில்களும் முற்காலத்தில் மரத்தாலும் செங்கல்லாலும் அமைந்தவையே. செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இன்றிக் கோயில் கண்டதை ஒரு புதுமையாக மகேந்திரவர்ம பல்லவன் மண்டகப்பட்டுக் கல்வெட்டிற் பொறித்து வைத்தான் என்றால், அவனுக்கு முன் எல்லாக் கோயிலும் எவற்றால் ஆனவை என்பது விளங்கும். தொண்டை நாடும் சோழ நாடும் பல நூற்றாண்டுகளில் கடந்த படிகளை அச்சிறு தீவுக் கோயில் சில ஆண்டுகளிற் கடந்தது. இன்றுள்ள செங்கற் பகுதிகளுள் மிகப் பழையது 1843-ஐச் சேர்ந்தது.

அக்குடிலில் பிள்ளையவர்கள் எழுந்தருளுவித்தது அம்மனின் சிறு திருவுருவம் ஒன்று. சின்ன அம்மன் என்று அதனை வழங்கினர். மடங்களில் ஆகமம் பயின்ற எம்போன்றோர் சிலர், மாரியை ஊர்த்தெய்வம் என்று சற்றே ஒதுக்கிப் பேசுவதுண்டு. எனக்கு அவ்வழக்கு உடன்பாடன்று. அம்மையும் காய்ச்சலும் வாட்டிய ஒரு தீவில், மருத்துவம் கிட்டாத எளிய மக்கள் எந்த வடிவில் அருட்சத்தியை அழைத்தனரோ அந்த வடிவில் அவள் வந்தாள். நம் திண்டுக்கல் கோட்டை மாரியம்மனைத் தொழுவோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அக்கோயில் வழிபாட்டிடமாக மட்டும் இருந்ததன்று. கப்பலிலிருந்து இறங்கிய புதியவன், வேலையும் தங்க நிலையான இடமும் தேடிக்கொள்ளும் வரை அங்கே அடைக்கலம் புகலாம். ஊரும் மொழியும் தெரியாமல் துறையில் நிற்பவனுக்கு, அந்தி விளக்கும் மணியோசையும் கேட்கும் இடம் எவ்வளவு பெரிய ஆறுதல்! அடுத்த நாளே அங்கு வரும் எவரோ ஒருவர் வாயிலாக வேலை பற்றிய செய்தியும் கிடைக்கும். ஒரு காலத்தில் சிங்கப்பூரில் இந்துத் திருமணங்களை நடத்திப் பதிவு செய்யும் உரிமை பெற்றிருந்ததும் அக்கோயிலே. திருமணம் பதிவாவது சிறுசெய்தி அன்று. வந்தவன் குடும்பியாகின்றான், அவன் மக்கள் அவ்வூர்ப் பிள்ளைகளாகின்றனர், அவன் சேர்த்த பொருளுக்கு உரிமையாளர் யாவர் என்பது எழுத்தில் ஏறுகின்றது. கூலிக்கு வந்தவன் குடிமகனாவதற்கு அதுவே வாயில்.

பிள்ளையவர்களைச் சோழமண்டலக் கரையாரின் தலைவராக அரசாங்கத்தார் ஏற்று, அம்மக்களுக்குள் எழும் வழக்குகளைத் தீர்க்கும் அதிகாரமும் அளித்தனர். நம் ஊர்களில் நாட்டாண்மை பரம்பரையாய் வரும். இன்ன குலத்தில் இன்னாருடைய மகன் என்பதே தகுதி. அங்கே பாட்டன் பெயர் அறிந்தவர் எவரும் இலர். சூளை வைத்ததும், எரிந்த கடைக்குக் கடன் தீர்த்ததும், கோயிலுக்கு அலைந்ததுமே அவருக்குக் குலமுறை கிளத்தின. கடல் கடந்தால் குலம் கெடும் என்று இங்கே சிலர் அஞ்சியிருந்த நாளில், கடல் கடந்த இடத்தில் ஒருவர் பெயர் இவ்வாறு உயர்ந்தது.

அவர் இட்ட வித்து முளைத்துப் பரந்தது. 1840-இல் அக்கோயிலில் தீமிதி தொடங்கிற்று; நாம் பூக்குழி என்போம். இன்றும் ஐப்பசியை ஒட்டி, சிராங்கூன் சாலைச் சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து புறப்படும் அன்பர்கள் சவுத் பிரிட்ஜ் சாலை வரை நடந்து வந்து தீ மிதிக்கின்றனர். கோபுரம் 1903-இல் எழுந்தது. இப்போதுள்ளது 1925-ஆம் ஆண்டின் கட்டுமானம். அருகிலுள்ள தெருக்களுக்குப் பகோடா தெரு, கோயில் தெரு என்று ஆங்கிலத்திற் பெயர் வந்ததும் இக்கோயிலால்தான். தொடக்கத்தில் தனியார் பொறுப்பில் இருந்த கோயில், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசாங்கம் அமைத்த அறநிலைய வாரியத்தின் கீழ் வந்து, 1968-இல் ஏற்பட்ட இந்து அறக்கட்டளை வாரியத்தின் பொறுப்பாயிற்று. நகரத்தார் பெருமக்கள் 1859-இல் டேங்க் சாலையில் தண்டாயுதபாணிக்குக் கோயில் எடுத்தனர். சிங்கப்பூரிலேயே 1850-இல் பிறந்த தம்புசாமிப் பிள்ளையவர்கள் சிலாங்கூர் சென்று, அரசாங்க எழுத்தராய்த் தொடங்கி, லோக் யூ என்னும் சீனப் பெருவணிகரோடு கூட்டாக ரவாங்கில் ஈயச் சுரங்கம் நடத்துமளவு உயர்ந்தார். கோலாலம்பூர் மாரியம்மன் கோயிலுக்கும் பத்துமலை வேலவன் கோயிலுக்கும் மூலவர் அவரே. நாராயண பிள்ளை இட்ட தடத்தில் அடுத்த தலைமுறை எவ்வளவு தொலை நடந்தது என்பதற்கு இது போதும்.

அத்தீவின் அரசு 1973-இல் மாரியம்மன் கோயிலைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தது. 2019-இல், ராப்பிள்ஸ் வந்திறங்கிய 200-ஆம் ஆண்டு நினைவின்போது, ஆற்றங்கரையில் ராப்பிள்ஸ் சிலைக்கு அருகே சாங் நீல உத்தமன், முன்ஷி அப்துல்லா, டான் டொக் செங் ஆகியோர் உருவச் சிலைகளோடு நாராயண பிள்ளையவர்கள் சிலையும் வைக்கப்பட்டது. உதவி வேண்டித் துரைமுன் நின்றவர், இருநூறாண்டு கழித்து அத்துரைக்கு ஒப்பாகப் பக்கத்தில் நின்றார்.

2023 பிப்ரவரி 12-ஆம் நாள் அக்கோயிலுக்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது. கோபுரமும் விமானங்களும் வண்ணம் புதுக்கப்பெற்றன; பல்லாயிரவர் திரண்டு தொழுதனர். கீற்றுக் குடிலில் பிள்ளையவர்கள் எழுந்தருளுவித்த சின்ன அம்மன் இன்றும் அக்கருவறையிலேயே இருந்து பூசை கொள்கின்றாள்.